வேலை மாறும்போதும் தலைமைக்கு வரும்போதும் விழுமியங்களைக் கையோடு கொண்டுபோவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

11 ஆண்டுகள் மென்பொருள் டெஸ்டிங்கில் இருந்தேன். அதன்பிறகு, கல்விக்காக இயங்கும் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் 9 பேர் கொண்ட குழுவுக்குத் தலைமை ஏற்றேன். துறையும் புதிது, பொறுப்பும் புதிது. ஒன்று மட்டும் மாறாது என்று நம்பினேன்: தெரிந்ததை மறைக்காமல் சொல்பவன் நான். ஆறு மாதம் கழித்து, நிதி தருபவர்களுக்கு நான் அனுப்பிய அறிக்கையை ஏதோ காரணத்துக்காகத் திரும்ப எடுத்துப் படித்தேன். அதில் பொய் என்று ஒரு வரிகூட இல்லை. ஆனால் மாலை வகுப்புக்குப் பாதிப் பிள்ளைகள் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி, மூன்றாம் பக்கத்தில் 'வருகையில் சில சவால்கள்' என்று ஒளிந்துகிடந்தது. எழுதியது நான்தான்.

பல நாள் மனம் ஆறவில்லை. பிறகு மெல்லப் புரிந்தது. பழைய வேலையில் என் நேர்மையை நான் தனியாகச் சுமக்கவில்லை, மென்பொருளில் கண்ட பிழையைப் பதிவுசெய்யும் பக் ரிப்போர்ட் என்ற படிவமும் சேர்ந்து சுமந்தது. என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, எவ்வளவு தீவிரம் என்று அது கேட்கும். நிரப்பித்தான் ஆக வேண்டும். புதிய இடத்தில் அப்படிக் கேட்பதற்கு எதுவும் இல்லை. விழுமியம் என்னோடு வந்துவிட்டது, அதைச் சுமந்த வண்டி பழைய அலுவலகத்திலேயே நின்றுவிட்டது.

வேலை மாறும் பலருக்கும் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். யாரும் ஒரு நாள் உட்கார்ந்து 'இனி நேர்மை வேண்டாம்' என்று முடிவெடுப்பதில்லை. பழைய செயல் போய்விடுகிறது, புதிய செயலை யாரும் தேடுவதில்லை, சொல் மட்டும் வாயில் தங்கிவிடுகிறது. அந்தப் புதிய செயலைத் தேடிப் பிடிக்கத்தான் இந்த வழிகாட்டி.

முதல் படி: சொல்லை விட்டுவிட்டு, செய்ததை எழுதுங்கள்

'உங்கள் விழுமியங்கள் என்ன?' என்று கேட்டால் எல்லோரும் நல்ல சொற்களைத்தான் சொல்வோம். மில்டன் ரோக்கீச் என்ற உளவியலாளர் 1973இல் 36 விழுமியங்களைப் பட்டியலிட்டார்: வாழ்க்கையில் அடைய விரும்புபவை 18, நடந்துகொள்ளும் விதம் சார்ந்தவை 18. பட்டியல் பயனுள்ளதுதான். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்கத் தொடங்கினால், நாம் யாராக இருக்க ஆசைப்படுகிறோமோ அவரைத்தான் தேர்ந்தெடுப்போம். கிறிஸ் ஆர்கிரிஸும் டொனால்ட் ஷோனும் 1974இல் இதற்கு ஒரு நல்ல பிரிவினை தந்தார்கள். மனிதர்கள் தாங்கள் பின்பற்றுவதாகச் சொல்லும் கொள்கை ஒன்று; அவர்கள் நடப்பதைப் பார்த்தால் தெரியும் கொள்கை இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் சம்பந்தப்பட்டவருக்கே தெரியாது.

அதனால் ஒரு நோட்டை எடுத்து, கடந்த ஐந்தாறு ஆண்டு வேலையிலிருந்து நான்கு வகை நிகழ்ச்சிகளை எழுதுங்கள். உங்களுக்கு நேரடி நஷ்டம் எதுவும் இல்லாதபோதும் கோபம் வந்த இடங்கள். லாபம் இருந்தும் மறுத்தவை. யாரும் கேட்காமல், யாரும் பார்க்காமல் செய்தவை. கடைசியாக, இன்றும் நினைத்தால் கூசுகிற ஒரு செயல். இந்தக் கடைசி வகையைத் தவிர்க்க வேண்டாம். கூச்சம் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் உங்களுக்கு உண்மையிலேயே முக்கியமான ஒன்று இடிபட்டிருக்கிறது.

எழுதி முடித்தபின் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கீழே, நான் எதைக் காப்பாற்றப் பார்த்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். 'மரியாதை' என்று நிறுத்திவிடாதீர்கள், வினைச்சொல்லோடு எழுதுங்கள்: 'ஒருவர் இல்லாதபோது அவரைப் பற்றி முடிவெடுக்க விடமாட்டேன்.' இப்படி மூன்று அல்லது நான்கு வரி தேறினால் போதும். பத்து தேறினால் இன்னும் சலித்தெடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: விழுமியத்தையும் அதைச் சுமந்த செயலையும் பிரித்துப் பாருங்கள்

முழு வழிகாட்டியில் இதுதான் கடினமான இடம், நேரம் செலவழிக்க வேண்டிய இடமும் இதுதான்.

ஒரு நர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்பதுதான் அவருடைய அக்கறை. அவர் நர்சிங் கண்காணிப்பாளராக உயர்கிறார். இப்போது நாள் முழுக்க ஷிப்ட் பட்டியலும் கூட்டங்களும்தான். வாரம் ஒருமுறை வார்டுக்குப் போய் யாராவது ஒரு நோயாளியின் கையைப் பிடித்துவிட்டு வந்தால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அவருடைய அக்கறை இருக்க வேண்டிய இடம் அந்த ஷிப்ட் பட்டியல். தொடர்ந்து மூன்று இரவு வேலை பார்த்த நர்ஸால் யாருடைய கையையும் பொறுமையாகப் பிடிக்க முடியாது. ஆசிரியராக இருந்தவரின் நியாயம் விடைத்தாள் திருத்துவதில் இருந்தது. தலைமை ஆசிரியர் ஆனதும் அது, பின்தங்கிய வகுப்புக்கு எந்த ஆசிரியரை அனுப்புகிறார் என்பதற்கு இடம் மாறுகிறது. பார்த்தால் வெறும் நிர்வாக வேலை போலத் தெரியும். விழுமியம் அந்த உருவத்தில் வரும்போது நமக்கு அடையாளம் தெரிவதில்லை.

கண்டுபிடிக்க நான் மூன்று கேள்விகளைப் பயன்படுத்துகிறேன். பழைய வேலையில் இந்த விழுமியத்தால் பயன்பெற்றவர் யார்? அவருக்கு என்ன கிடைத்தது? புதிய வேலையில் அதே நிலையில் இருப்பவர் யார், அவருக்கு அது என் எந்த வேலை வழியாகப் போய்ச் சேரும்?

என் விஷயத்தில், பக் ரிப்போர்ட்டால் பயன்பெற்றவர் என்னை ஒருநாளும் பார்க்காத ஒரு பயனர். அவர் நம்பிப் பயன்படுத்தும் ஒன்று கையில் உடைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். புதிய இடத்தில் அந்த நிலையில் இருந்தவர்கள் பிள்ளைகள். அறிக்கையைப் படித்து முடிவெடுப்பவருக்கு உண்மை தெரியாவிட்டால் நஷ்டம் அவர்களுக்குத்தான். அப்புறம் வழி தெரிந்தது. எங்கள் மாத அறிக்கையின் முதல் தலைப்பையே 'இந்த மாதம் சரியாக நடக்காதது' என்று மாற்றினேன். காலியாக விட்டு அனுப்ப முடியாது. என் பழைய படிவத்தை நானே மறுபடி செய்துகொண்டேன் என்று சொல்லலாம். முதல்முறை அனுப்பியபோது பயமாகத்தான் இருந்தது. பதிலுக்கு வந்த தொலைபேசி அழைப்பு 40 நிமிடம் நீண்டது, அத்தனையும் மாலை வகுப்பின் நேரத்தை எப்படி மாற்றலாம் என்பது பற்றித்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழக்கத்தையும் திறமையையும் விழுமியம் என்று நினைத்துக் கட்டிப்பிடித்துக்கொள்வது மிகவும் எளிது. 'தரத்தில் சமரசம் செய்யமாட்டேன்' என்று சொல்லி, குழுவில் இருப்பவர்களின் வேலையை இரவில் உட்கார்ந்து தானே திருத்தி எழுதும் புதிய மேனேஜர்கள் உண்டு. தரம் விழுமியம்தான். தானே செய்வது பழக்கம். அந்தப் பழக்கம் தொடர்ந்தால் குழுவில் யாரும் வளரமாட்டார்கள், கடைசியில் தரமும் விழும். ஹெர்மினியா இபாரா 1999இல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் கைகொடுக்கிறது. தொழிலில் அடுத்த நிலைக்குப் போன ஆலோசகர்களையும் முதலீட்டு வங்கியாளர்களையும் கவனித்தபோது, அவர்கள் புதிய பொறுப்புக்கேற்ற நடத்தைகளைத் தற்காலிகமாக அணிந்து பார்த்து, பொருந்துவதை வைத்துக்கொண்டு, பொருந்தாததை விட்டுவிட்டு வளர்ந்ததை அவர் பதிவுசெய்தார். 'இது நான் இல்லையே' என்ற உறுத்தல் வந்தவுடன் விழுமியம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பல நேரம் அது புதுச் செருப்பின் கடி மட்டும்தான்.

மூன்றாம் படி: எது எதோடு மோதும் என்று முன்பே பாருங்கள்

ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992இல் அடிப்படை விழுமியங்களைப் பத்து வகையாகப் பிரித்து ஒரு வட்டத்தில் வைத்தார். அருகருகே இருப்பவை ஒன்றுக்கொன்று துணை. எதிரெதிரே இருப்பவை இழுபறி. அதிகாரமும் சாதனையும் ஒரு பக்கம் என்றால், பிறர் நலமும் அனைவருக்குமான அக்கறையும் எதிர்ப்பக்கம். தலைமைக்கு வருகிறவர் அந்த வட்டத்தில் அதிகாரம் இருக்கும் பக்கத்துக்கு நகர்த்தப்படுகிறார். அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது நடக்கும்.

அதனால் உங்கள் நான்கு வரிகளில் எவை இரண்டு மோதும் என்று யோசித்து, ஒரு சம்பவமாக எழுதிப் பாருங்கள். உதாரணமாக, 'யாரையும் இருட்டில் வைக்கமாட்டேன்' என்பதும் 'என்னிடம் நம்பிச் சொன்னதை வெளியே சொல்லமாட்டேன்' என்பதும் உங்களிடம் இருக்கின்றன. ஆட்குறைப்பு வரப்போவது உங்களுக்கு மட்டும் தெரியும். குழுவில் ஒருவர் வந்து, வீட்டுக் கடன் எடுக்கலாமா என்று கேட்கிறார். என்ன சொல்வீர்கள்? எனக்குத் தெரிந்த ஓரளவு நேர்மையான பதில்: 'இதில் என்னால் உனக்கு எந்த உறுதியும் தர முடியாது. பெரிய முடிவு எதையும் வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் எடுக்காதே.' ரகசியத்தை உடைக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. இது சரியான பதில்தானா என்று இன்றும் யோசிக்கிறேன். ஆனால் அந்த ஆள் எதிரே வந்து நிற்கும் நொடியில் இதை யோசிக்க முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

நான்காம் படி: ஆஃபர் லெட்டரில் கையெழுத்திடும் முன் கேளுங்கள்

'உங்கள் நிறுவனத்தின் விழுமியங்கள் என்ன?' என்று இன்டர்வியூவில் கேட்பது வீண். சுவரில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டுவார்கள். நிறுவனப் பண்பாட்டுக்கு மூன்று அடுக்கு இருக்கிறது என்றார் எட்கர் ஷைன்: கண்ணுக்குத் தெரிவது, வாயால் சொல்வது, யாரும் சொல்லாமலே எல்லோரும் நம்புவது. மூன்றாவதைத் தெரிந்துகொள்ள நடந்த கதைகளைக் கேட்க வேண்டும். கடைசியாக இங்கே ஒரு பெரிய தவறு நடந்தபோது முதலில் யாரிடம் சொன்னார்கள், அவருக்கு என்ன ஆயிற்று? இந்தப் பொறுப்பில் எனக்கு முன் இருந்தவர் ஏன் போனார்? போன ஆண்டு பதவி உயர்வு பெற்றவர் எதற்காகப் பெற்றார்? மேலிடம் விரும்பிய எதையாவது இங்கே யாராவது தடுத்து நிறுத்தியிருக்கிறார்களா? பதில் எவ்வளவு வேகமாக வருகிறது, எங்கே தயங்குகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். முடிந்தால் உங்களுக்குக் கீழே வேலை செய்யப்போகிற ஒருவரோடு அரை மணி நேரம் பேசக் கேளுங்கள். மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

நோட்டீஸ் பீரியட் பற்றி ஒரே ஒரு வார்த்தை: பழைய இடத்தில் ஹேண்ட்ஓவரை ஒழுங்காகச் செய்துவிட்டு வாருங்கள். குறிப்பாக, உங்களுக்கு மட்டுமே தெரிந்த சிக்கல்களை எழுதிவைத்துவிட்டு வாருங்கள்.

ஐந்தாம் படி: முதல் மூன்று மாதம் நேரத்தைக் காப்பாற்றுங்கள்

விழுமியத்துக்கு எதிரி பேராசை என்று நினைப்போம். அவசரம் அதைவிடப் பெரிய எதிரி. ஜான் டார்லியும் டேனியல் பேட்ஸனும் 1973இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பிரின்ஸ்டனில் இறையியல் படித்த மாணவர்களை, பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்றச் சொன்னார்கள். சிலருக்குத் தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து இருமிக்கொண்டு முனகுவார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். எதைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்பது குறிப்பிடத்தக்க வித்தியாசத்தை உண்டாக்கவில்லை.

புதிய பொறுப்பின் முதல் மூன்று மாதம் முழுக்க அந்த விரட்டல்தான். ஆகவே காலண்டரைத் திறந்து, உங்கள் நான்கு வரிகளும் அதில் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். 'ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் முடிவெடுப்பேன்' என்பது உங்கள் வரி என்றால், வாராந்தர ஒன்-டு-ஒன் சந்திப்புகள் அதில் இருக்க வேண்டும். அவசர மீட்டிங் வந்தால் முதலில் தள்ளிப்போவது அவையாக இருக்கக் கூடாது. இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவே பத்து நிமிடமாவது காலியாக விடுங்கள். வழியில் யாராவது முனகினால் நிற்க அது வேண்டும்.

முதல் நாளே குழுவைக் கூட்டி 'என் விழுமியங்கள் இவை' என்று பேசுவதை நான் ஆதரிக்கவில்லை. ஒரே ஒரு சிறிய வாக்கைக் கொடுத்து, அதைக் காப்பாற்றிக் காட்டுவது மேல். அரசுப் பணியில் நெடுங்காலம் இருந்து தொழில்துறைக்கு வந்த பால் ஓநீல், 1987இல் அல்கோவா அலுமினிய நிறுவனத்தின் தலைவரானபோது தொழிலாளர் பாதுகாப்புதான் முதல் வேலை என்றார். அதைச் சொல்லோடு விடவில்லை. எங்கே யாருக்குக் காயம் ஏற்பட்டாலும் அந்தப் பிரிவின் தலைவர் 24 மணி நேரத்துக்குள், மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்யப்போகிறார் என்பதோடு சேர்த்து, தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்றார். அந்த 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டுமானால், பிரிவுத் தலைவருக்கும் கடைசித் தொழிலாளிக்கும் இடையே செய்தி தடையில்லாமல் போய்வர வேண்டும். ஒரு விழுமியம் நிறுவனத்துக்குள் நடமாட இப்படி ஒரு கால் வேண்டும்.

ஆறாம் படி: உங்கள் விழுமியத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்

இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை, அதனால் கொஞ்சம் நிற்கிறேன்.

தனி ஆளாக வேலை செய்த காலம் வரை என் விழுமியத்துக்கு நானே விலை கொடுத்தேன். உழைப்பை மதித்தேன், இரவில் கண்விழித்தது நான். தலைமைக்கு வந்ததும் அதே உழைப்பு மற்றவர்களின் மேல் ஏறிக்கொண்டது. இரவு 11 மணிக்கு நான் மெயில் அனுப்புவேன். 'இப்போதே பதில் வேண்டாம்' என்றும் எழுதுவேன். ஆனாலும் 11.20க்குப் பதில் வந்துவிடும். அனுப்பியவர் கைக்குழந்தையோடு இருந்தவர். சில மாதம் கழித்து அவர் வேலையை விட்டுப் போகிறேன் என்று சொல்ல வந்தபோதுதான் அந்த நேரங்களையெல்லாம் திரும்பப் பார்த்தேன். நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று சொல்லிக்கொள்ள முடியும். ஆனால் அப்ரைசல் எழுதுகிறவரின் பழக்கம் எதுவும் வெறும் பழக்கமாக இருப்பதில்லை.

எனவே அதிகாரம் கைக்கு வந்தவுடன் உங்கள் வரிகளை மூன்றாகப் பிரியுங்கள். எல்லோரிடமும் கண்டிப்பாக எதிர்பார்ப்பவை: பொய்க்கணக்கு கூடாது, யாரையும் அவமானப்படுத்தக் கூடாது போன்றவை. இவை குறைவாக இருக்கட்டும், காரணத்தோடு வெளிப்படையாகச் சொல்லப்படட்டும். அடுத்து, நான் எனக்கு மட்டும் வைத்துக்கொள்பவை. மூன்றாவது, மற்றவர்களின் விழுமியங்களுக்கு நான் விடவேண்டிய இடம். உங்களுக்கு வேகம் முக்கியம் என்றால், குழுவில் ஒருவருக்கு நிதானம் முக்கியமாக இருக்கும். அவரை மாற்றுவதற்கு முன், அவர் எதைக் காப்பாற்றுகிறார் என்று கேளுங்கள். முன்பிருந்த தலைவரின் ஏற்பாடுகளை அவசரப்பட்டுக் கலைக்காமல் இருப்பதும் இதில் சேர்ந்ததுதான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ கொடுத்த வாக்கு இருக்கலாம்.

ஏழாம் படி: நெருக்கடி நாளுக்கான வாக்கியத்தை இன்றே எழுதிவையுங்கள்

1986 ஜனவரி 27 இரவு. சேலஞ்சர் விண்கலத்தின் பூஸ்டர் ராக்கெட்டுகளைத் தயாரித்த மார்ட்டன் தியோக்கால் நிறுவனப் பொறியாளர்கள், மறுநாள் காலைக் குளிரில் ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே பூஸ்டரின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் சரியாக மூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது அவர்கள் வாதம். பொறியியல் துணைத் தலைவர் ராபர்ட் லண்டும் முதலில் அந்தப் பக்கம்தான். கூட்டத்தை நிறுத்திவைத்து உள்ளே பேசியபோது, மேலதிகாரி அவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். லண்ட் மாறினார். மறுநாள் ஏவிய 73 வினாடியில் கலம் சிதறி, 7 பேர் இறந்தார்கள்.

அந்த வாக்கியத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். லண்டிடம் யாரும் பொய் சொல்லும்படி கேட்கவில்லை. புதிய பொறுப்புக்கு வந்துவிட்டாய், பழைய அறிவைக் கழற்றி வை என்று மட்டும்தான் கேட்டார்கள். தலைமைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இந்தக் கோரிக்கை ஏதாவது ஒரு வடிவத்தில் வரும்: 'இப்போது நீங்கள் மேனேஜ்மென்ட், கொஞ்சம் பெரிதாகப் பாருங்கள்.' அந்த நொடியில் சொந்தமாக யோசித்துப் பதில் சொல்வது மிகக் கடினம்.

இரண்டு ஏற்பாடு உதவும். ஒன்று, 'இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்' என்று முன்கூட்டியே எழுதுவது. பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த முறை இது. 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படித் திட்டமிட்டவர்கள் வெறும் உறுதி எடுத்தவர்களைவிட நன்றாகவே செய்து முடித்திருந்தார்கள். 'எண்களைக் கொஞ்சம் சாதகமாகக் காட்டச் சொன்னால், இதை எழுத்தில் அனுப்புங்கள், படித்துவிட்டு நாளைக் காலை பதில் சொல்கிறேன் என்பேன்.' இவ்வளவு சாதாரணமான வாக்கியம் போதும். அது வாங்கித்தரும் ஓர் இரவுதான் முக்கியம்.

இரண்டாவது, ஒரு துணை. சாலமன் ஆஷ் 1951இல் வெளியிட்ட சோதனைகளில், கண்முன் தெரியும் கோட்டின் நீளத்தைக்கூட அறையில் உள்ள எல்லோரும் தவறாகச் சொன்னால், நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது அதற்கு ஒத்துப்போனார்கள். அறையில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும் அந்த ஒத்துப்போதல் வெகுவாகக் குறைந்தது. எனவே புதிய இடத்தில் அப்படி ஒருவரை முதல் மாதத்திலேயே தேடுங்கள். உங்கள் நான்கு வரிகளை அவரிடம் காட்டி, நான் வழுக்கினால் சொல்லுங்கள் என்று கேளுங்கள். அவர் உங்களுக்குக் கீழே வேலை செய்பவராக இல்லாமல் இருப்பது நல்லது.

எட்டாம் படி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள்

வழுக்கத்தான் செய்வீர்கள். அப்போது செய்ய வேண்டியது, பாதிக்கப்பட்டவரிடம் நேரில் போய், என்ன செய்தேன், அதனால் அவருக்கு என்ன ஆயிற்று, இனி எதை மாற்றுகிறேன் என்று சொல்வது. 'சூழ்நிலை அப்படி' என்பதை அந்தப் பேச்சில் சேர்க்காதீர்கள். 11 மணி மெயிலுக்காக நான் அப்படிப் போய் நின்றேன். அவர் வேலையை விட்டுப் போவதை அது தடுக்கவில்லை. அவருக்குப் பின் வந்தவருக்கு இரவு மெயில் போகவில்லை, அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது.

நோட்டைத் திறந்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இந்த மூன்று மாதத்தில் இதற்காக நான் செய்த ஒரு செயல் என்று எழுதுங்கள். காலியாக இருக்கும் வரிக்கு முன் இரண்டு கேள்விகள். இதைச் செய்ய எனக்கு வழி தெரியவில்லையா, இந்த இடம் இதைச் செய்யவே விடவில்லையா? வழி தெரியவில்லை என்றால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். இடம் விடவில்லை என்றால், மேலதிகாரியிடம் ஒருமுறை தெளிவாக, உதாரணத்தோடு பேசுங்கள். பேசிய தேதியையும் அவர் சொன்ன பதிலையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த இரண்டு முறை திறக்கும்போதும் அதே வரி காலியாக இருந்தால், வேறு வேலை தேடத் தொடங்குங்கள். மாதச் சம்பளத்துக்குப் பின்னால் ஒரு குடும்பமே இருக்கும்போது அது சிறிய முடிவு அல்ல. அதனால் உடனே விலகச் சொல்லவில்லை, தேடத் தொடங்கச் சொல்கிறேன். அந்த இன்டர்வியூவுக்குப் போகும்போது நான்காம் படியில் உள்ள கேள்விகளோடு, இந்த நோட்டின் காலி வரியிலிருந்து ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.